துவிச்சக்கர வண்டியின் கடிவாளம்

குதிரை எத்துணை உயர்ந்த சாதியாயினும், கடிவாளம் பழுதுற்றிருந்தால் அதன்மேல் ஏறுவார் உளரோ? ஆயினும், பிரேக் சரியாக அமையாத சைக்கிளில் மலைப்பாதையில் இறங்கத் துணிவோர் நம்மிடையே பலர். சமவெளியில் இக்குறை மறைந்து கிடக்கும். மலைநாட்டில் முதல் வளைவிலேயே வெளிப்பட்டுவிடும்.

நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து மலைகளிலிருந்து பொல்பிட்டிய நோக்கி இறங்கும் பாதைகளை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொல்பிட்டியவில் 1969 ஆம் ஆண்டு முதல் நீர்மின் நிலையம் ஒன்று இயங்கி வருகின்றது. லக்சபான தடாகத்து நீர் சுரங்க வழியே வந்து, குழாய்களில் வீழ்ந்து, சுழலிகளைச் சுழற்றி மின்சாரத்தைத் தருகின்றது. உயரத்திலிருந்து இறங்கும் பொருளிடம் சக்தி உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? நீர் தன் சக்தியைச் சுழலியிடம் கொடுத்துவிடுகின்றது. சைக்கிளில் இறங்கும் மாணவன் தன் சக்தியை யாரிடம் கொடுப்பான்? காற்றிடம் ஒரு பகுதி. எஞ்சியதைப் பிரேக் கட்டைகளிடந்தான்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஆளும் வண்டியுமாக 75 கிலோகிராம் எனக் கொள்வோம். 100 மீற்றர் உயரம் இறங்குகையில் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 73,500 யூல். ஒரு லீற்றர் தண்ணீரின் வெப்பநிலையை 17 பாகை செல்சியஸ் அளவுக்கு உயர்த்த இது போதும். பெருவிரல் அளவேயுள்ள இறப்பர்க் கட்டைகள் இதில் பெரும்பங்கைத் தாங்கவேண்டியிருக்கின்றது.

சென்ற மழைக்காலத்தில் நமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர், தம் பழைய சைக்கிளின் பிரேக் தளர்ந்திருக்கிறதென்று, பார்வைக்கு அழகான புதிய பிடிகளை வாங்கிப் பூட்டினார். வீட்டு வாசலில் அழுத்திப் பார்த்தபோது பிடி கல்லைப்போல் இறுகி நின்றது. "இப்போதுதான் பிரேக் பிரேக்காக இருக்கிறது" என்று மகிழ்ந்தார். மறுநாள் நனைந்த இறக்கத்தில் இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. கால்களைத் தரையில் தேய்த்து, தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து, முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். அவர் பூட்டிய பிடி பழுதற்றது. பழைய கவ்வியும் பழுதற்றதே. ஒன்றுக்கொன்று பொருந்தாமையே குற்றம்.

இஃது எவ்வாறு? விரல்களால் இழுக்கப்படுவது பிடி. ரிம்மை இருபுறமும் நெருக்குவது கவ்வி. இரண்டும் நெம்புகோல்களே. நெம்புகோலின் விதியை மாணவர்கள் அறிவார்கள்: விசையில் இலாபம் பெற்றால் தூரத்தில் நட்டமடைய வேண்டும், தூரத்தில் இலாபம் பெற்றால் விசையில் நட்டம். இரண்டிலும் ஒருங்கே இலாபம் தரும் பொறி உலகில் இல்லை.

பழைய வகைக் கவ்வி, முன்சக்கரக் கவையின் உச்சியில் ஒற்றை ஆணியால் பூட்டப்பட்டு, ஒரு பக்கத்திலிருந்து கம்பியால் இழுக்கப்படுவது. அதற்குக் கம்பி சிறிது தூரம் நகர்ந்தால் போதும். ஆனால் வலிமையான இழுப்பு வேண்டும். 1990களில் பரவிய 'வி' பிரேக்கிலோ கவையின் இருபுறமும் நீண்ட இரு கைகள் நிமிர்ந்து நிற்கும். கம்பி டயருக்கு மேலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். கைகள் நீளமாதலால் இழுப்பு மென்மையாயிருக்கலாம். ஆனால் கம்பி ஏறக்குறைய இருமடங்கு தூரம் நகரவேண்டும். ஆதலின் இதற்குரிய பிடியில், கம்பியின் தலை சுழலும் ஆணியிலிருந்து தள்ளி அமைந்திருக்கும். பழைய வகைப் பிடியில் அது ஆணிக்கு அருகிலேயே இருக்கும்.

'வி' பிடியைப் பழைய கவ்விக்குப் பூட்டினால் கட்டைகள் விரைந்து ரிம்மைத் தொடும். பிடி இறுகி நிற்கும். நெருக்கும் விசையோ ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் மாணவரை ஏமாற்றியது இந்த இறுக்கமே. கைக்குக் கடினமாகத் தோன்றுவது வலிய பிரேக் அன்று என்பதை நினைவிற் கொள்க. மாறாக, பழைய பிடியை 'வி' பிரேக்குக்குப் பூட்டினால் கட்டைகள் மிகச் சிறிதே நகரும். கட்டை தேய்ந்தபின் பிடி ஹாண்டிலை முட்டும், வண்டி நில்லாது. கட்டைகளை ரிம்முக்கு மிக நெருக்கி வைத்தாலோ, அவை பற்றும்போது சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொண்டு, ஓட்டுபவரை முன்னே தூக்கி எறியவும் கூடும்.

ஆகவே, கடைக்குச் செல்லும்போது பழைய பிடியைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆணிக்கும் கம்பித் தலைக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சில பிடிகளில் கம்பித் தலையை இருநிலைகளில் மாற்றிப் பொருத்தும் வசதியும் உண்டு. உங்கள் கவ்விக்குரிய நிலை எதுவெனக் கேட்டறிந்து பொருத்துங்கள்.

பொருத்தம் சரியான பின்னும் கவனிக்க வேண்டியவை சில. துருப்பிடித்த கம்பி, விரல்களின் வலிமையை வழியிலேயே விழுங்கிவிடும், அதனை மாற்றுக. உருக்கு ரிம் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும். அலுமினிய ரிம் அதனினும் நன்று. மழையில் சற்று முன்னதாகவே பிரேக்கை மெல்லத் தொட்டு நீரைத் துடைத்துக்கொள்க. வேகம் இருமடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும்: மணிக்கு 20 கிலோமீற்றரில் 5 மீற்றரில் நிற்கும் வண்டி, 40 கிலோமீற்றரில் 20 மீற்றர் கேட்கும். ஆதலின் வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணிப்பது அறிவுடைமை.

பெற்றோர்களே, பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தரும்போது அதன் நிறத்தையும் மணியையும் பார்க்கின்றீர்கள். ஒருமுறை சமதரையில் மெதுவாக ஓட்டச் செய்து, முன் பின் பிரேக்குகளைத் தனித்தனியே பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடம், இறக்கத்தின் கடைசி வளைவில் பிள்ளைக்குத் துணையாக நிற்கும்.