கயிற்றை இழுத்தும் கிளம்பாத எஞ்சின்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கரிசல் காடுகளில் வெள்ளாமை வடகிழக்குப் பருவமழையை நம்பியே நடக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் மக்காச்சோளமோ பருத்தியோ உளுந்தோ விதைத்தால், களையெடுப்பும் மருந்தடிப்பும் சில வாரங்களில் நெருக்கியடித்து வந்துபோகும். பிறகு முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயரும் புல் வெட்டும் பிரஷ் கட்டரும் கொட்டகை மூலைக்குப் போனால், அடுத்த மழைக்குத்தான் வெளியே வரும்.

அந்த முதல் நாளில் அடிக்கடி நடப்பது இது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை நோகும். ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். கடைசியில் மெஷினைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனால், மெக்கானிக் ஒரே இழுப்பில் கிளப்பிக் கொடுத்துவிடுவார். கொண்டுபோனவருக்கு முகம் சுருங்கிவிடும். வருஷத்தில் சில வாரமே கையில் எடுக்கும் மெஷினில் ஒரு படி மறந்துபோவது இயல்புதான்; அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. எஞ்சினின் எந்தப் பாகம் எதற்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த மறதி பெரும்பாலும் திரும்ப வராது.

இந்த மெஷின்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடுபவை. இன்றைய மோட்டார் பைக்கில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இறங்கினால் ஒரு முறை வெடிப்பு நிகழும். இதில் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு வெடிப்பு. 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜோசப் டே, பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸையே காற்றையும் எரிபொருளையும் உறிஞ்சித் தள்ளும் பம்பாக ஆக்கினார். பாகங்கள் குறைந்தன, எடையும் குறைந்தது. முதுகில் சுமக்கும் அளவுக்கு எஞ்சின் இலேசானதற்கு இந்த அமைப்பு முக்கியக் காரணம்.

இனி தவறுகளுக்கு வருவோம். மெக்கானிக் முதலில் கேட்பது, "அண்ணே, சுவிட்ச் ஆன்ல இருக்கா?" என்றுதான். இந்த எஞ்சினில் பேட்டரி கிடையாது. கயிற்றை இழுக்கும்போது ஃபிளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடந்து ஓடுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் பிளக்கில் பொறியாகிறது. சுவிட்ச் 'ஸ்டாப்' பக்கம் இருந்தால் அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் உடம்பில் இறங்கிவிடும். நாள் முழுக்க இழுத்தாலும் பொறி வராது. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் பெட்ரோல் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். பிளக் நனைந்துவிடுவதால், தவறு தெரிந்து சுவிட்சை மாற்றிய பிறகும் எஞ்சின் அடம்பிடிக்கும்.

சோக்கை மூடியே வைத்து இழுத்தாலும் இதேதான் நடக்கும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதனால் தொடக்கத்தில் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகமாக்க சோக் வேண்டும். ஓரிரு இழுப்பில் எஞ்சின் ஒரு முறை இருமுவதுபோல் சத்தம் கொடுத்து அடங்கும். உடனே சோக்கைத் திறந்துவிட வேண்டும். அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் 'ஓவர்ஃப்ளோ' ஆகிவிடும். கொஞ்சம் முன்புவரை ஓடிச் சூடாக இருக்கும் எஞ்சினுக்கு, அதுவும் நம்மூர் வெயிலில், பெரும்பாலும் சோக்கே தேவைப்படாது.

ஓவர்ஃப்ளோ ஆனால் பதறத் தேவையில்லை. பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவிட வேண்டும். சுவிட்சை 'ஸ்டாப்'பில் வைத்து, சோக்கைத் திறந்து, சில முறை கயிற்றை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டு இழுத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

இன்னொரு வகைத் தவறில் எஞ்சின் நன்றாகக் கிளம்பி, சிறிது நேரம் ஓடி, நின்றுவிடும். பெட்ரோல் திருகு உள்ள ஸ்பிரேயர் என்றால் அது திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோலில்தான் அதுவரை ஓடியிருக்கும். திருகு திறந்திருந்தும் நின்றால் டேங்க் மூடியைப் பார்க்கலாம். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர டேங்குக்கு ஒரு நுண்ணிய வழி உண்டு. கரிசல் புழுதி அதை அடைத்துவிட்டால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் அதுதான்.

பிரஷ் கட்டரில் பிளேடு மாற்றும்போது நட்டு கழலாமல் திணறுவதும் சகஜம். பல கட்டர்களில் அந்த நட்டின் மரை இடப்பக்க மரை. வழக்கமான பக்கம் திருப்பினால் அது மேலும் இறுகும். பிளேடு சுற்றும் வேகத்திலேயே நட்டு கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சைக்கிளின் இடது பெடலிலும் இதே மரைதான்.

நைலான் நரம்பைப் பொருத்திக்கொண்டு காய்ந்த பருத்திமாரில் இறங்குவது இன்னொன்று. நரம்பு சுழற்சியின் விசையில் விறைத்து நின்று புல்லை வெட்டுகிறது. 1971-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பாலஸ், கார் கழுவும் இடத்தில் சுழலும் பிரஷ்களைப் பார்த்து, ஒரு தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கட்டி இந்த யோசனையைச் சோதித்தார். புல்லுக்காகப் பிறந்த நரம்பு அது. கட்டை விழுந்த பருத்திமாரில் அறுந்து அறுந்து தீர்ந்துபோகும். அங்கே பிளேடுதான் வேண்டும்.

சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் ஊர்களில் மரம் அறுக்கும் செயின் ரம்பம் நிறையப் புழங்குகிறது. செயினைக் கழற்றித் துடைத்து மாட்டும்போது அது திரும்பிவிடுவது உண்டு. எஞ்சின் ஆத்திரமாய்க் கத்தும், கட்டையில் புகை வரும், மரம் அறுபடாது. செயின் ஓடும் இரும்புப் பட்டையின் மேல்பக்கத்தில், பல்லின் கூர்முனை பட்டையின் நுனியை நோக்கி இருக்க வேண்டும். உதிர்வதைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடலாம்: பெரிய சீவல்களாக விழுந்தால் செயின் சரி, மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது அல்லது செயின் திரும்பியிருக்கிறது. இந்தச் சீவும் பல் 1940களில் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோ காக்ஸ், மரக்கட்டைக்குள் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்து வழி செய்வதைக் கவனித்தார். அந்தத் தாடைகளின் வடிவத்தை 1947-ல் செயின் பல்லாக்கினார். இன்றைய செயின்களில் பெரும்பாலானவை அந்த யோசனையின் வழிவந்தவை.

மேலே சொன்ன மறதிகளில் பொதுவாக மெஷின் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காத தவறு ஒன்று உண்டு: ஆயில் கலக்காத பெட்ரோல். கிராங்க் கேஸ் வழியாகவே எரிபொருள் போவதால் இந்த எஞ்சினில் தனியாக ஆயில் தேக்க இடமில்லை. பெட்ரோலோடு வரும் ஆயில் மட்டுமே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு. மெஷினைப் பொறுத்து லிட்டருக்கு 20 மில்லியோ 40 மில்லியோ டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கச் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

மாதக்கணக்கில் மெஷினைக் கிடப்பில் போடும் நம் மானாவாரிக் காட்டுக்கு இன்னொரு எச்சரிக்கையும் பொருந்தும். டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் பழசாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின்போல் படியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் சீசன் முடிந்ததும் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு வைப்பது நல்லது.

ஆவணியில் ஒரு நாள் மெஷினை வெளியே எடுத்து, புதுப் பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றி, திருகு, சுவிட்ச், சோக், கயிறு என்று வரிசையாகச் செய்து கிளப்பிப் பார்த்துவிடுங்கள். வீட்டில் அந்த மெஷினைத் தொடப்போகும் எல்லாரையும், பெண்கள் உட்பட, பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். மழை பெய்து களை மண்டும் வாரத்தில் ஒரு நாள் வீணானால் அது வெள்ளாமையில் தெரியும். தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாத வீட்டில் அந்த நாள் வீணாவதில்லை.