வார்ப்புருவில் மறையும் பிழை

2014ஆம் ஆண்டு ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தோன்றிய ஏர்ஃப்ளோ, தொடர்பணிகளைக் காலமுறைப்படி இயக்கும் மென்பொருளாகும். அதன் கட்டளைகளில் நாள், கோப்புப்பெயர் முதலியன மாறிவரும் இடத்தில் இரட்டை நெளிவடைப்புக்குள் மேக்ரோவின் பெயரை எழுதுவர். இயங்குங்கால் ஜிஞ்சா என்னும் வார்ப்புருப்பொறி உரிய மதிப்பை நிரப்பும்.

மதிப்பு நிரம்பாவிடத்துப் பிழையை இருவகையாகப் பகுத்துக் காண்போம். மேக்ரோவின் பெயர் பதிவாகாதிருப்பின் பணி பிழைச்செய்தியுடன் நிற்கும். செருகுநிரலைத் திருத்தியபின் மென்பொருளை மீளத் தொடங்காமையும் இதற்குக் காரணமாகலாம். வார்ப்புருவுக்குரியதென அறிவிக்கப்படாத புலத்தில் மேக்ரோவை எழுதினாலோ, மென்பொருள் பிழையெனக் கொள்ளாது. அடைப்புக்குறியும் பெயருமே மதிப்பாகச் சென்றுவிடும். பின்னதே கொடிது.

பணியை இயக்காது, நிரம்பிய வடிவை மட்டும் காட்டுவது ‘ஏர்ஃப்ளோ டாஸ்க்ஸ் ரெண்டர்’ என்னும் கட்டளை. அதன் விடையில் காணப்படாத புலம் வார்ப்புருப் புலமன்று எனத் துணியலாம். செய்தி எழாமையைப் பிழையின்மை எனக் கொள்ளற்க என்பதே நாம் கண்ட முடிபு.