கல்லாவில் யார் உட்காருவது?

பட்டாபிராம் ரயில் நிலையத்துக்கு வெளியே என் அம்மா பல ஆண்டுகள் இட்லி விற்றார். ஆவடி, அம்பத்தூர் கம்பெனிகளுக்கு விடியற்காலை ரயிலேறுகிறவர்கள்தான் வாடிக்கை. ஒன்பது மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடும். மாலையில் தண்டல்காரர் வந்து நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அட்டையில் கோடு கிழித்துவிட்டுப் போவார்.

“இன்னிக்கு எவ்ளோ லாபம்மா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அரிசி உளுந்து போக, தண்டலு போக, நீ படிக்கிறியே, அதான் லாபம்” என்றார்.

நான் தமிழில் முதுகலை வரை படித்தேன். ஆனால், அந்தத் தண்டல் அட்டையின் கணக்கை முப்பது வயதுக்கு மேல்தான் போட்டுப் பார்த்தேன். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கைக்கு வருவது 9,000. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால், மறுநாளிலிருந்தே கட்டத் தொடங்கிவிடுவதால், அந்த 100 நாளில் சராசரியாக நம்மிடம் இருக்கும் கடன் பணம் 4,500 ரூபாய் சொச்சம்தான். அதற்கு ஆயிரம் ரூபாய் வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 80 விழுக்காடு! அம்மாவின் உழைப்பில் பெரும்பங்கு எங்கே போனது என்பது அன்றுதான் விளங்கியது. பள்ளியில் தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் படித்திருக்கிறேன். அது எங்கள் வீட்டுக் கணக்கு என்று யாரும் சொல்லவில்லை.

இன்று அதே பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா நிற்கிறது. 330 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்க வேண்டும் என்று பேசுகிறோம், நியாயம்தான். ஆனால், அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு தருவது, வண்டி ஓட்டுவது, கட்டடத்தைப் பராமரிப்பது எல்லாமே தொழில்கள். அவற்றில் கூலிக்குப் போகிறவராக மட்டும் நம் பிள்ளை இருக்க வேண்டுமா, ஒப்பந்தம் எடுக்கிறவராக இருக்கக் கூடாதா?

டெல்லியின் 2,000 ரூபாய்

2021-ல் டெல்லி அரசு தன் பள்ளிகளில் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உண்மையாகவே ஒரு சிறுதொழிலை நடத்த வேண்டும். மாணவர் ஒருவருக்கு 2,000 ரூபாய் தொடக்க முதல். ஏறக்குறைய 3 லட்சம் மாணவர்கள், 60 கோடி ரூபாய். பாடப்புத்தகத்தில் ‘முதலீடு’ என்று படிப்பதற்கும், இரண்டாயிரம் ரூபாயைக் கையில் வாங்கி, அது கரைந்துவிடுமோ என்று பயந்துகொண்டே சரக்கு எடுப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பராகுவே நாட்டில் ஏழை விவசாயிகளின் பிள்ளைகள் படிக்கும் சான் பிரான்சிஸ்கோ வேளாண் பள்ளி இன்னும் ஒருபடி மேலே போனது. பால், பாலாடைக்கட்டி, முட்டை, காய்கறி, ஒரு சிறிய விடுதி என்று மாணவர்களே நடத்தும் தொழில்களின் வருமானத்தில் பள்ளியின் நடைமுறைச் செலவையே ஈடுகட்டிக் காட்டினார்கள்.

தமிழ்நாட்டிலும் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக்கல்வித் துறை, யுனிசெஃப் ஆகியவை சேர்ந்து பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்தை நடத்துகின்றன. சுற்றுப்புறத்துச் சிக்கல் ஒன்றை எடுத்து, அதற்குத் தீர்வு காணும் யோசனையை மாணவர் குழுக்கள் உருவாக்குகின்றன. வரவேற்க வேண்டிய முயற்சி. யோசனையோடு நிற்காமல் கொள்முதல், விற்பனை, கல்லாக் கணக்கு வரை அது போக வேண்டும்.

குலக்கல்வி வேறு, இது வேறு

“பள்ளிக்கூடத்தில் சுண்டல் விற்கவா பிள்ளையை அனுப்புகிறோம்?” என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. 1953-ல் ராஜாஜி ஆட்சியில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று திட்டம் வந்தது. செருப்பு தைக்கிறவரின் பிள்ளை செருப்பு தைக்கவும், பறையடிக்கிறவரின் பிள்ளை பறையடிக்கவும் போக வேண்டியதுதான் என்று அதன் பொருளைப் புரிந்துகொண்டவர்கள் ‘குலக்கல்வி’ என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்காததற்கும் ‘குடும்பத் தொழில்’ என்ற நிபந்தனைதான் முக்கியக் காரணம்.

குலக்கல்வி, அப்பன் செய்ததை மகனைச் செய்யச் சொன்னது. நாம் கேட்பது, அப்பனும் அம்மாவும் ஒருநாளும் உட்காராத இடத்தில் பிள்ளையை உட்கார வைப்பது. கைவேலை நமக்குத் தெரியாததல்ல. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டவை முதலும், விலை சொல்லும் உரிமையும், கணக்கு நோட்டும்தான்.

ஒரு சுண்டல் கடையையே எடுத்துக்கொள்வோம். கொண்டைக்கடலை 2 கிலோ 240 ரூபாய். தேங்காய், எண்ணெய், தாளிப்பு 90. கேஸ் 30. காகிதக் கப் 40. ஆக 400 ரூபாய். 50 கப் சுண்டல், கப் 10 ரூபாய் என்றால் வரவு 500. லாபம் நூறு என்று பிள்ளைகள் துள்ளுவார்கள். பத்துக் கப் விற்காமல் நின்றால் அந்த நூறும் போச்சு. ஐந்து பேர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் உழைத்திருந்தால், ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தது பத்து ரூபாய். அது லாபமா, கூலியா? இந்தக் கேள்வி ஒரு மாணவிக்கு வந்துவிட்டால், தன் அம்மாவின் உழைப்புக்கு இதுவரை யாரும் விலை போடவில்லை என்பதையும் அவள் கண்டுகொள்வாள்.

சந்தைக்கும் சாதி உண்டு

கணக்கு தெரிந்தால் மட்டும் போதுமா? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். தொழில் நின்றுபோனது. நூறாண்டு கழித்து, 2018-ல், திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். என் அம்மாவிடம் மொத்தமாக இட்லி வாங்கிய ஒரு வீடு, நாங்கள் எந்தத் தெரு என்று கேட்டறிந்த மறுவாரமே நிறுத்திவிட்டது. காரணம் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

ஆகவே, பள்ளிக் கடை நடத்தும்போது மூன்று விதிகள் வேண்டும்.

ஒன்று, வேலை சுழல வேண்டும். இந்த வாரம் கூட்டிப் பெருக்கியவர் அடுத்த வாரம் கல்லாவில் உட்கார வேண்டும். காலனிப் பிள்ளைக்குத் துடைப்பம், பெண் பிள்ளைக்கு அடுப்பு, ஊர்ப் பிள்ளைக்குப் பணப்பெட்டி என்று பிரித்தால் அது குலக்கல்விதான்.

இரண்டு, முதல் வெளியிலிருந்து வர வேண்டும். ‘ஆளுக்கு ஐந்நூறு கொண்டு வாருங்கள்’ என்றால் நம் பிள்ளை அன்றே ஒதுங்கிவிடும். நட்டமானாலும் பிள்ளையிடம் வசூலிக்கக் கூடாது. வசதியானவர் வீட்டில் நட்டம் அனுபவமாகிறது, நம் வீட்டில் அது தண்டலாகிறது.

மூன்று, வகுப்பு நேரத்தைத் தொடக் கூடாது. கணக்கு நோட்டை வாரம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு கதவுகள் இல்லாமல் இல்லை. 2023-ல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் (உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய்), 6 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஒன்றிய அரசின் ஸ்டேண்ட்-அப் இந்தியா திட்டம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை வங்கிக் கடன் தருவதற்காக 2016-ல் தொடங்கப்பட்டு 2025 மார்ச் வரை நடப்பில் இருந்தது. ஆனால், வங்கி மேலாளர் கேட்கும் திட்ட அறிக்கையை எழுத, பதினைந்து வயதில் ஒரு சுண்டல் கடைக்குக் கணக்கு எழுதிய கை வேண்டும்.

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்குப் போகிற அம்மாக்கள், அப்பாக்கள் இதைக் கேளுங்கள். ஒரு மேசை, ஒரு நோட்டு, இரண்டாயிரம் ரூபாய் போதும். மாணவர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை வீட்டிலுள்ள தண்டல் அட்டையையோ குழுக்கடன் அட்டையையோ எடுத்து, அம்மாவுடன் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.