உங்களுக்குத் தெரியுமா? சொந்தப் பதிப்பில் ஜெயித்த ‘போன்’

● அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், கொலம்பஸ் நகரைச் சேர்ந்த ஜெஃப் ஸ்மித், ‘கார்ட்டூன் புக்ஸ்’ என்று சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கி, 1991-இல் ‘போன்’ நகைச்சுவை காமிக்ஸின் முதல் இதழை வெளியிட்டார். அதற்குமுன் அவர் அனிமேஷன் ஸ்டூடியோ நடத்தியவர்.

● மூக்கு பெருத்த, எலும்பு நிறத்து அண்ணன் தம்பி முறைக்காரர்கள் மூவர்தான் நாயகர்கள். அவர்களில் பேராசைக்காரனான ஃபோனி போன் ஊர்மக்களின் கோபத்துக்கு ஆளாக, மூவருமே ஊரைவிட்டு ஓட நேர்கிறது. கதை அங்கே தொடங்குகிறது.

● வில்லன் கூட்டத்து எலி அரக்கர்களும் சிரிக்க வைப்பார்கள். பிடித்த இரையைக் குழம்பு வைப்பதா, கீஷ் என்னும் முட்டைப் பணியாரம் செய்வதா என்று சண்டை போட்டே கோட்டை விடுவார்கள். இன்னொரு பக்கம், ஒரு பாட்டி மாடுகளோடு பந்தயம் ஓடுவார்!

● கடைக்காரர்கள் முன்கூட்டியே ஆர்டர் கொடுப்பதும், விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்ப முடியாததும் அமெரிக்க காமிக்ஸ் கடைகளின் வழக்கம். கைம்முதல் குறைந்தவர்களும் துணிந்து அச்சிட முடிந்தது அதனால்தான்.

● பதிப்பகத்தின் வரவு செலவையும் வியாபாரத்தையும் கவனித்துக்கொண்டவர் ஸ்மித்தின் மனைவி விஜயா ஐயர்.

● இடையில் சில இதழ்கள் மட்டும் ‘இமேஜ் காமிக்ஸ்’ என்ற வேறொரு பதிப்பகம் வழியாக வந்தன. 2004-இல் 55-ஆவது இதழோடு கதை முடிந்தது. அதே ஆண்டில் முழுக் கதையும் ஒரே தொகுப்பாக வெளியானது; அது 1,300 பக்கங்களைத் தாண்டியது.

● கறுப்பு வெள்ளையில் வந்த தொடரை 2005 முதல் ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் வண்ணத்தில் வெளியிட, அது பள்ளி நூலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.