புற்றுச் செல்லுக்கு அக்கம்பக்கம் என்ன சொல்கிறது?

புற்றுநோய் என்றதும் பழுதான மரபணு, அடங்காமல் பெருகும் செல் என்றுதான் நினைக்கிறோம். அது பாதி உண்மை. அந்தச் செல் கட்டியாக வளருமா, பரவுமா என்பதில் சுற்றியுள்ள திசுவுக்கும் பெரும் பங்கு உண்டு.

இதை அழுத்தமாகக் காட்டியவை கோழிகள். கோழிகளுக்குக் கட்டி உண்டாக்கும் வைரஸை 1911இல் பெய்ட்டன் ரௌஸ் கண்டறிந்தார். நோபல் பரிசு 1966இல்தான் வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மினா பிஸ்ஸல் குழுவினர் 1980களில் அந்த வைரஸைக் கோழிக்கருவில் செலுத்தினார்கள். வைரஸ் செல்களுக்குள் புகுந்தது, அதன் புற்று மரபணு வேலையும் செய்தது. ஆனால் கட்டி வரவில்லை! பொரித்த குஞ்சின் இறக்கையில் செலுத்தினால் கட்டி வந்தது. அதே குஞ்சின் மறு இறக்கையைக் காயப்படுத்தினால் அங்கும் வந்தது. காயம் ஆற உடல் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்துக்கு இதில் முக்கியப் பங்கு இருப்பது 1990இல் தெரிந்தது. காயமே இல்லாமல் அந்தப் புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினாலும் கட்டி உண்டானது.

செல்கள் இப்படிப்பட்ட புரதங்களைச் சுரந்தே ஒன்றுக்கொன்று தகவல் அனுப்புகின்றன. 'பெருகு', 'நகர்', 'நில்' என்ற கட்டளைகளை அடுத்த செல்லின் ஏற்பிகள் வாங்கிக்கொள்கின்றன. ஆறாத புண்ணில் நடப்பதுபோல, கட்டியைச் சுற்றி இந்தக் கட்டளைகள் ஓய்வதே இல்லை.

புற்று பரவுவதும் சுற்றியுள்ள திசுவைப் பொறுத்ததே. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை 1889இல் ஆராய்ந்த லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். எலும்பு அப்படியொரு மண். அங்கு சேரும் மார்பகப் புற்றுச் செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அதனால் தூண்டப்படும் எலும்பாக்கும் செல்கள், எலும்பைக் கரைக்கும் செல்களைப் பெருக்குகின்றன. எலும்பு கரைய, அதில் பொதிந்திருந்த டிஜிஎஃப்-பீட்டா வெளியேறிப் புற்றுச் செல்களை மேலும் ஊக்குவிக்கிறது. எலும்பாக்கும் செல்களிலிருந்து கரைக்கும் செல்களுக்குச் செல்லும் ராங்க்-எல் என்ற சமிக்ஞையை மறிக்கும் டெனோசுமாப் மருந்து, எலும்பு முறிவு போன்ற பாதிப்புகளைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 2010இல் இதற்கு அனுமதி கிடைத்தது. புற்றுச் செல்லைத் தொடாமலே நோயாளியின் வேதனையைத் தணிக்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

ஆனாலும் சுற்றியுள்ள திசுவை அழித்தால் போதும் என்ற அவசரம் கூடாது. கணையப் புற்றைச் சூழ்ந்திருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் வகைச் செல்களை எலிகளில் அழித்துப் பார்த்தார்கள். 2014இல் வெளிவந்த முடிவுகளில், கட்டி மேலும் மூர்க்கமாகி எலிகள் சீக்கிரமே இறந்தது தெரிந்தது. அந்தச் செல்களில் சில கட்டிக்குத் துணைபோனாலும், சில அதை அடக்கியும் வைத்திருந்தன. அவற்றைப் பிரித்தறிவதே இப்போது ஆய்வாளர்களின் முதல் வேலை.