படங்களின் இடப்பெயர்ச்சி

2020 பிப்ரவரி 5 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் நிகழ்ந்த மகாகும்பாபிஷேகத்தைக் கைப்பேசியில் பிடித்து, ‘உயர்தரம்’ என்னும் பிரிவில் கூகுள் போட்டோஸில் ஏற்றிவைத்தவர்கள் பாக்கியசாலிகள். ஏனெனில் 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்களே, ஜிமெயிலும் டிரைவும் பங்குகொள்ளும் 15 ஜிபி என்ற இலவச எல்லைக்குள் கணக்கிடப்படுகின்றன. அதன்பின் எடுத்த கல்யாணப் படங்களும் குறுவை நடவுப் படங்களும் அவ்வெல்லையை முட்டும்போதுதான் வேறிடம் தேடும் சிந்தனை உதிக்கிறது.

அதற்கு அந்நிறுவனமே அளிக்கும் சாதனம் டேக்அவுட். அதில் போட்டோஸை மட்டும் தேர்ந்து, டிராப்பாக்ஸ் அல்லது ஒன்டிரைவ் எனச் சேருமிடத்தைக் குறித்துவிட்டால், கைப்பேசியில் இறக்காமலே பிரதிகள் நேராகச் சென்றடையும். திருவையாற்றில் சிக்னல் மங்கினாலும் பாதகமில்லை. ஆனால் அவை ஜிப் கட்டுகளாகப் போய்ச் சேர்வதும், நாம் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்தைவிட்டுப் பிரிந்து ஜேசான் என்ற தனிக் கோப்பில் தங்கிவிடுவதும் (இது என்ன நியாயமோ!), கட்டைப் பிரித்துப் பார்த்தபிறகே புலனாகும். போனவை பிரதிகளே, மூலம் பழைய இடத்திலேயே இருக்குமாதலால், ஒவ்வொரு கட்டையும் திறந்து சரிபார்த்தபின்பே மூலத்தை அழிக்கலாம்.