மிட்வைஃப் தானா வரமாட்டா, தேடுங்கோ

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் கர்ப்பமானால், சொந்தக்காரருக்குத் தெரியிறதுக்கு முன்னமே அநேகமாக மிட்வைஃபுக்குத் தெரிந்துவிடும். இங்கே ஓர்லிகோனில் நீங்களாகப் போய்க் கேட்காவிட்டால், உங்களுக்கு ஒரு மிட்வைஃப் தேவை என்பது ஒருத்தருக்கும் தெரியாமலே போகலாம். இரண்டு நாட்டிலும் நடப்பது ஒரே வேலைதான்: பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது. தொடங்குகிற பக்கம்தான் வேறு. என் தொழில் பாஷையில் சொன்னால் அங்கே 'புஷ்', இங்கே 'புல்'. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் எங்கட ஆக்கள் சிலர் விழுந்து போகிறார்கள்.

இலங்கையில் ஊர் மிட்வைஃப், அதாவது குடும்பநல உத்தியோகத்தர், ஏறக்குறைய 3,000 பேர் வாழும் பகுதி ஒன்றுக்குப் பொறுப்பு. பிள்ளை பெறும் வயதில் இருக்கிற தம்பதியரை வீடு வீடாகப் பதிந்த ஒரு பதிவேடு அவவிட்ட இருக்கும். கலியாணம் முடிந்த கையோட வந்து ஃபோலிக் அசிட் குளிசை பற்றிக் கதைப்பா. பிறகு கர்ப்பப் பதிவு, கிளினிக், திரிபோஷா. பிள்ளை பிறந்தால் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் வீட்டுக்கு வரவேணும். தொப்புள் காய்ந்ததா, பிள்ளை பாலை இழுத்துக் குடிக்குதா, தாய்க்குக் காய்ச்சலா, இரத்தப்போக்குக் கூடவா என்று பார்ப்பா. கிளினிக்குக்கு வராத தாயைத் தேடிப் போவதும் அவவின்ட வேலைதான். இந்த முழு ஏற்பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இது நேற்று வந்ததில்லை. முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். 2010களில் அது 30க்கும் 40க்கும் இடையில். மலேரியாக் கட்டுப்பாடு, இலவச வைத்தியம், பெண்களின் படிப்பு எல்லாம் அதில் சேர்த்தி. ஆனால் வீட்டுக்கு வீடு நடந்தவர்கள் மிட்வைஃப்மார்தான். ஒரு தாய் இறந்தால் எங்கே பிசகியது என்று ஊர் மட்டம் வரை போய் விசாரிக்கிற வழக்கமும் அங்கே உண்டு. நாங்கள் ஒஃபிசில் ஒரு சேர்வர் விழுந்தால் செய்கிற விசாரணை மாதிரி, ஆனால் உண்மையாகவே முக்கியமான ஒன்றுக்கு.

இனி ஓர்லிகோன். எங்கட சொந்தத்தில் ஒரு தங்கச்சி, வடமராட்சியிலிருந்து கலியாணம் கட்டி வந்தவ. ஆஸ்பத்திரியில் "ஹெபாமே இருக்கா?" என்று கேட்டிருக்கினம். கணவர் அங்கே பிள்ளைப்பேறு பார்த்தவவைக் கேட்கினம் என்று நினைத்து "யா" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்தபிறகு அவ ஊர் வழக்கப்படி மிட்வைஃபைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒருத்தரும் வரேல்லை. ஐந்தாம் நாள் பிள்ளை மஞ்சளாக, பாலுக்கும் எழும்பாமல் கிடந்தது. பிள்ளை வைத்தியரிடம் கொண்டுபோனபோது எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. திரும்ப வோர்ட், நீல வெளிச்சத்துக்குக் கீழ். இப்போ பிள்ளை ட்ராமில் கத்துகிற கத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். ஆனால் மூன்றாம் நாள் ஒருவர் வந்து நிறுத்துப் பார்த்திருந்தால் அந்த நிலை வந்திராது.

உரிமை என்னவென்று தெரிந்தால் நல்லது. பிள்ளை பிறந்து 56வது நாள் வரை ஹெபாமே வீட்டுக்கு வருவதற்கு அடிப்படைக் காப்புறுதி பணம் கட்டும். முதல் பிள்ளை, சிசேரியன், இரட்டை, குறைமாதம் என்றால் 16 தடவை வரை, மற்றவர்களுக்கு 10. கர்ப்பத்தின் 13ஆம் கிழமையிலிருந்து பிள்ளை பிறந்து எட்டுக் கிழமை வரை ஃப்ராங்கைசேயும் இல்லை, செல்ப்ஸ்ட்பெஹால்ட்டும் இல்லை. இது 2014இலிருந்து நடைமுறை. காசு பயத்தில் வேண்டாம் என்று சொன்ன குடும்பங்களையும் எனக்குத் தெரியும். மூன்று நாலு மாதத்திலேயே தேடத் தொடங்குங்கோ, கோடை விடுமுறைக் காலத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். சூரிச்சில் 'ஃபமிலிஸ்டார்ட்' என்ற அமைப்பு ஆள் பிடித்துத் தரும். 56 நாளுக்குப் பிறகு மூட்டர் உண்ட் ஃபேட்டர்பெராட்டுங் இருக்கு, அதுவும் இலவசம்.

எங்களுக்கு ஜெர்மன் தண்ணிபட்ட பாடு. ஆனால் ஊரிலிருந்து வந்த மச்சாள்மாருக்கு இல்லை. ஒரு ஃபோன் எடுத்துக் கொடுக்க எங்களால் முடியும். ஹெபாமே வரும் நேரம் கணவர்தான் கதைக்கவேணும் என்றும் இல்லை. தாய் தன் மனநிலையைச் சொல்ல ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் நல்லது. "அழுகை அழுகையா வருது" என்பதை மாமியாருக்கு முன்னால் கணவர் மொழிபெயர்ப்பாரா?

அம்மம்மாமாரோடு சண்டை பிடிக்கவும் தேவையில்லை. பத்தியக்கறி, சரக்கு அரைத்த குழம்பு எல்லாம் வைக்கட்டும், ஆனால் தாய் என்ன சாப்பிடுகிறா என்று ஹெபாமேக்குச் சொல்லுங்கோ. துடக்கு 31 நாள் என்று ஆக்களை வரவேண்டாம் என்பதில்கூட ஒரு நன்மை இருக்கு, பச்சைப்பிள்ளைக்குத் தொற்று வராது. ஹெபாமேக்கு மட்டும் கதவைத் திறவுங்கோ. மஞ்சளுக்கு இளவெயிலில் காட்டச் சொல்லுவினம். நவம்பரில் ஓர்லிகோனில் வெயிலுக்கு எங்கே போறது? வெயில் இருந்தாலும் அது வைத்தியம் இல்லை. அடிக்கடி பால் கொடுக்கவேணும், பிள்ளை சோர்ந்தால் உடனே காட்டவேணும்.

ஊரிலும் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். 2022 நெருக்கடியில் திரிபோஷா விநியோகமே தடைப்பட்டது. 2016 ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டப்புறங்களில் 32 வீதம். அதாவது மலையகத்தில் மூன்றில் ஒன்று. எங்கட ஊர்ச் சங்கங்கள் ஆஸ்பத்திரிக்கு மெஷின் வாங்கிக் கொடுத்துப் படம் எடுக்க விரும்புகின்றன. அதுவும் தேவைதான். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு முதல் அந்தப் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: உங்கட பகுதியில் எத்தனை மிட்வைஃப் இடம் வெறுமையா இருக்கு, இருக்கிறவை எதில் வீடுகளுக்குப் போகினம்?